பழைய புரோகிராம், புது மெயின்பிரேம்: இரண்டும் ஒத்துப்போவது எப்படி?

வங்கிச் சேவை ஒருநாள் படுத்துவிட்டால் போதும், மெயின்பிரேம் பற்றிய மூன்று பேச்சுகள் எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடும். "பேங்குகள் எல்லாம் இன்னும் 1960-களின் கம்ப்யூட்டரில்தான் ஓடுகின்றன" என்பார் ஒருவர். "மெயின்பிரேம் பழுதே ஆகாது, இது வேறு ஏதோ கோளாறு" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கொஞ்சம் விவரமானவர். "இப்போது அதில் லினக்ஸ் ஓடுகிறதே, நம் சாஃப்ட்வேரை அப்படியே தூக்கி அதில் போட்டுவிடலாம்" என்பார். மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் தொல்லை.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு, ஐரோப்பாவில் இருந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சில ஆண்டுகள் கோபால் புரோகிராம்களைப் பராமரித்தவன் நான். (கோபால் என்பது 1960 வாக்கில் வந்த கணினி மொழி. "யார் அந்த கோபால்?" என்று என் பெரியம்மா பல முறை கேட்டிருக்கிறார்.) அந்த அனுபவத்தை வைத்து, கணினி படிக்காதவரும் புரிந்துகொள்ளும்படி இதை எழுதிப் பார்க்கிறேன்.

## பெரிய அண்டாவும் கல்யாணப் பந்தியும்

மெயின்பிரேம் என்பது ஏராளமான பேருடைய சின்னச் சின்ன வேலைகளை ஒரே நேரத்தில், ஒன்றைக்கூட விட்டுவிடாமல் முடித்துக் கொடுப்பதற்காகக் கட்டப்பட்ட சர்வர். பலரும் இதைச் சூப்பர் கம்ப்யூட்டரோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வானிலையைக் கணிப்பது போன்ற ஒரே பெரிய கணக்கை வேகமாக முடிப்பது சூப்பர் கம்ப்யூட்டரின் வேலை. அது பெரிய அண்டாவில் ஒரே பதார்த்தம் கிண்டுவது மாதிரி. மெயின்பிரேமின் வேலை பந்தி பரிமாறுவது. ஆயிரம் இலை, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். ஆனால் ஓர் இலைக்கு அப்பளம் வராமல் போகக்கூடாது, ஓர் இலைக்கு இரண்டு முறை பாயசம் ஊற்றிவிடவும் கூடாது. உங்கள் கணக்கில் 500 ரூபாயைக் கழித்து வேறொருவர் கணக்கில் சேர்ப்பது மூன்றாம் வகுப்புக் கணக்குதான். ஒரே சமயத்தில் லட்சக்கணக்கானோர் அதைக் கேட்கும்போது ஒருவருக்கும் தப்பாமல் செய்வதில்தான் கஷ்டம்.

இந்த இயந்திரங்கள் பழையவையும் இல்லை. ஐபிஎம் 2022-ல் வெளியிட்ட இசட்16 பார்ப்பதற்குக் கறுப்பு ஃப்ரிட்ஜ்களை அடுக்கி வைத்தது போல இருக்கும். பெரிய மாடலில் வாடிக்கையாளர் பயன்பாட்டுக்கு 200 கோர்கள் வரை, 40 டெராபைட் நினைவகம் வரை கிடைக்கும். கோர் என்றால் சில்லுக்குள் கட்டளைகளை நிறைவேற்றும் தனி அலகு. நம் மடிக்கணினியில் எட்டோ பத்தோ இருக்கும்.

இந்த வன்பொருளுக்கும் புரோகிராம்களுக்கும் நடுவில் நின்று நினைவகம், டிஸ்க், நேரம் எல்லாவற்றையும் பங்கிட்டுத் தரும் மேலாளர்தான் இயங்குதளம். நமக்குத் தெரிந்த விண்டோஸ், ஆண்ட்ராய்டு மாதிரி. ஐபிஎம் மெயின்பிரேமில் முக்கியமானது இசட்/ஓஎஸ். விமான முன்பதிவு, கிரெடிட் கார்டு போன்ற அதிவேக வேலைகளுக்கு இசட்/டிபிஎஃப் உண்டு. ஒரே இயந்திரத்துக்குள் நூற்றுக்கணக்கான கற்பனை இயந்திரங்களை உருவாக்க இசட்/விஎம். இவற்றோடு விஎஸ்இ, லினக்ஸ். ஒரே பெட்டியை 85 பகுதிகள் வரை தடுத்து, ஒவ்வொன்றிலும் இவற்றில் ஏதோ ஒன்றை ஓடவிடலாம். கூட்டுக்குடும்ப வீட்டில் ஆளுக்கொரு அடுப்படி இருப்பது போல.

## தண்டவாளம் ஒன்று, இஞ்சின் பல

எழும்பூரில் மீட்டர் கேஜ், சென்ட்ரலில் பிராட் கேஜ் என்று இருந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டும் ரயில்தான். ஆனால் ஒன்றின் பெட்டி மற்றதன் தண்டவாளத்தில் ஏறாது. ஒன்றிலிருந்து மற்றதற்குச் சரக்கு போக வேண்டுமென்றால் நடுவில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும்.

1960-களின் தொடக்கத்தில் கணினி உலகம் அப்படித்தான் இருந்தது. வேறு வேறு நிறுவனங்களைக்கூட விடுங்கள், ஐபிஎம்மின் சொந்த இயந்திரங்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கடை, அலுவலகக் கணக்குகளுக்கு 1401. விஞ்ஞானக் கணக்குகளுக்கு 7090. ஒன்றுக்கு எழுதிய புரோகிராம் மற்றதில் ஓடாது. ஒரு நிறுவனம் வளர்ந்து பெரிய இயந்திரம் வாங்கினால், எல்லாப் புரோகிராம்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும். வளர்ந்ததற்குத் தண்டனை மாதிரி.

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் சிஸ்டம்/360 என்ற வரிசையை அறிவித்தது. சிறியது முதல் பெரியது வரை ஆறு மாடல்கள். வேகத்திலும் விலையிலும் பெரிய வித்தியாசம், ஆனால் ஒன்றில் ஓடும் புரோகிராம் மற்றவற்றிலும் ஓடும். பிரெட் புரூக்ஸ், ஜீன் ஆம்டால், கெரிட் பிளாவ் ஆகியோர் இதன் வடிவமைப்பில் முக்கியமானவர்கள். அவர்கள் செய்த காரியத்தைச் சுருக்கமாகச் சொன்னால், இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதை எப்படிச் செய்கிறது என்பதையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். "என்ன" என்ற பகுதிக்குப் பெயர் ஆர்கிடெக்சர். இந்தக் கட்டளை கொடுத்தால் இந்த விடை வரவேண்டும், தப்பான எண் வந்தால் இந்தக் குறியோடு நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் ஒரு கையேட்டில் எழுதி வைத்துவிட்டார்கள். 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஆபரேஷன்' என்று பெயர். இன்றும் புதிய பதிப்புகள் வருகின்றன.

ரயில்வேயில் தண்டவாள அகலம் எப்படியோ, இங்கே ஆர்கிடெக்சர் அப்படி. நிலக்கரி இஞ்சின் போய் டீசல் வந்தது, டீசல் போய் மின்சாரம் வந்தது. பின்னால் வரும் சரக்குப் பெட்டிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. உள்ளே இருக்கும் சில்லு எத்தனை முறை மாறினாலும் கோபால் புரோகிராமுக்கும் கவலை இல்லை.

இன்னும் தீவிரமான உதாரணம் ஒன்று உண்டு. பரோஸ் நிறுவனம் 1960-களில் உருவாக்கிய எம்சிபி என்ற இயங்குதளம், அதன் வாரிசான யூனிசிஸ் நிறுவனத்திடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஓடுவது சாதாரண இன்டெல் சில்லின் மேல். பழைய இயந்திரமே இல்லை, ஆனால் அதன் விதிகள் அப்படியே இருக்கின்றன.

சுருக்கமாக இதுவரை: "1960-களின் கம்ப்யூட்டர்" என்று சொல்பவர் பார்ப்பது தண்டவாளத்தின் வயதை. இஞ்சின் புதுசு.

## பழைய எண், புதிய எண்

ஒத்துப்போவது என்றால் சும்மா உட்கார்ந்திருந்தால் வருவதில்லை. ஒவ்வொரு முறை இயந்திரம் வளரும்போதும் பழையதற்கு இடம் விட்டுத்தான் வளர வேண்டும். இதில் எனக்குப் பிடித்த பகுதி நினைவக முகவரியின் கதை.

நினைவகம் என்பது ஒரு நீண்ட தெரு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். அந்த எண்தான் முகவரி. சிஸ்டம்/360-ல் முகவரிக்கு 24 பிட், அதாவது 0 அல்லது 1 மட்டுமே எழுதக்கூடிய 24 இலக்கங்கள். அதை வைத்து 1 கோடியே 67 லட்சம் சொச்சம் வீடுகளுக்கு, அதாவது 16 மெகாபைட்டுக்கு, எண் போடலாம். அன்று அது கற்பனைக்கு எட்டாத அளவு.

முகவரியை எழுதி வைக்கும் பெட்டியோ 32 பிட். முகவரி போக எட்டு பிட் மிச்சம். இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. நினைவகம் தங்கம் விலை விற்ற காலம் அது, புரோகிராமர்கள் சும்மா இருப்பார்களா? திண்ணை காலியாக இருக்கிறதே என்று அதில் சாமான் வைக்க ஆரம்பித்தார்கள். குறிப்பாக, ஒரு முகவரிப் பட்டியலில் "இதுதான் கடைசி" என்று காட்ட, கடைசி முகவரியின் இடது ஓர பிட்டை 1 ஆக்குவது வழக்கமாகிவிட்டது.

1980-களில் 16 மெகாபைட் போதவில்லை. முகவரியை நீட்ட வேண்டும். 32 பிட்டுக்குப் போவதுதானே இயல்பு? போகவில்லை. 31-லேயே நிறுத்திக்கொண்டார்கள். அந்த இடது ஓர பிட்டில்தான் எத்தனையோ புரோகிராம்கள் குடியிருந்தனவே. உலகில் வேறு யாரும் பெரிதாகப் பயன்படுத்தாத 31 என்ற இந்த விசித்திர எண், பக்கத்து வீட்டுத் திண்ணையை இடிக்காமல் தெருவை அகலப்படுத்தியதன் விளைவு.

சென்னையில் பல வீட்டு வாசல்களில் "பழைய எண் 12, புதிய எண் 27" என்று இரண்டும் எழுதியிருக்கும். பழைய எண்ணில் வரும் கடிதமும் போய்ச் சேரும். மெயின்பிரேமும் அதையே செய்தது. ஒவ்வொரு புரோகிராமும் "நான் 24-காரன்" அல்லது "நான் 31-காரன்" என்று தன் நெற்றியில் எழுதிக்கொண்டு வரலாம். இயந்திரம் அதைப் பார்த்து அந்தந்த முறையில் நடந்துகொள்ளும்.

2000-ல் இசட்900 இயந்திரத்தோடு 64 பிட் வந்தது. அப்போது செய்த ஒரு காரியத்தைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். 31 பிட்டின் எல்லை 2 ஜிகாபைட். புதிய பெரிய நினைவகம் அங்கிருந்துதானே தொடங்க வேண்டும்? இசட்/ஓஎஸ்ஸில் அதைத் தள்ளி, 4 ஜிகாபைட்டிலிருந்து தொடங்கினார்கள். நடுவில் 2 ஜிகாபைட் அகலத்துக்கு யாருக்கும் கொடுக்காத வெற்றுத் தெரு. பழைய புரோகிராமர் யாராவது இடது ஓர பிட்டை 1 ஆகவே விட்டுவிட்டு, அந்த முகவரியை 64 பிட்டாகப் படித்தால், அது சரியாக அந்த வெற்றுத் தெருவில் போய் விழும். அங்கே ஒன்றும் இல்லாததால் உடனே பிடிபடும். இல்லாவிட்டால் யாருடைய வீட்டிலோ சத்தமில்லாமல் போய்க் குழப்பம் செய்திருக்கும்.

பழையதை ஓடவிடுவதோடு நில்லாமல், பழையது எப்படித் தவறும் என்பதையும் முன்கூட்டியே யோசித்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தக் குணத்தை நினைவில் வையுங்கள், நம்பகம் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

## வாக்குறுதி யாருக்கு?

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். "பழையது எல்லாம் புதியதில் ஓடும்" என்றால், பழைய இயங்குதளமும் ஓடுமா?

ஓடாது. வாக்குறுதி அப்ளிகேஷனுக்கு, அதாவது சம்பளக் கணக்கு, பாலிசிக் கணக்கு போன்ற பயனுள்ள வேலை செய்யும் புரோகிராம்களுக்கு. இயங்குதளத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இயங்குதளம் வன்பொருளின் உள்ளங்கங்களை நேரடியாகத் தொடுவது. அவை தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இசட்/ஓஎஸ் 3.1 பதிப்புக்கு இசட்14 அல்லது அதற்குப் பிந்தைய இயந்திரம் வேண்டும். எதிர்ப்பக்கக் கதவும் மூடித்தான் இருக்கிறது: 31 பிட் காலத்து இயங்குதளத்தை அதன் பழைய முறையிலேயே கிளப்பும் வசதி, 2017-ல் வந்த இசட்14-லிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதே இசட்14-ல், புதிய இயங்குதளத்தின் கீழே, 24 பிட் அப்ளிகேஷன் நிம்மதியாக ஓடுகிறது.

குடித்தனக்காரருக்கு வாடகை ஒப்பந்தம் இருக்கிறது, வாட்ச்மேனுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதனால் மெயின்பிரேம் கடைகளில் (ஆம், அந்த வட்டாரத்தில் 'ஷாப்' என்றுதான் சொல்வோம்) நிரந்தரமாக ஒரு வேலை உண்டு. இயங்குதளத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்பவர்களுக்கு சிஸ்டம் புரோகிராமர் என்று பெயர். அப்ளிகேஷன் எழுதிய எங்களைப் போன்றவர்களுக்கு அவர்கள் ஓரளவு கடவுள் மாதிரி; கண்ணில் பட மாட்டார்கள், பிரார்த்தனை மட்டும் அனுப்பலாம்.

## லினக்ஸ் ஓடினால் எல்லாம் ஓடுமா?

1999 டிசம்பரில் ஐபிஎம் மெயின்பிரேமுக்கான லினக்ஸ் திருத்தங்களை வெளியிட்டது. இன்று ரெட் ஹேட், சூசே, உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் மூன்றுமே மெயின்பிரேமுக்குப் பதிப்பு வைத்திருக்கின்றன. மூன்றாமவர் சொன்னதில் இதுதான் உண்மைப் பாதி.

மனிதர் எழுதும் புரோகிராம் உரையைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைல் செய்வது. நம் சாதாரண சர்வருக்காகக் கம்பைல் செய்தது இன்டெல் வகைக் கட்டளைகளில் இருக்கும். மெயின்பிரேமுக்கு அந்த மொழி தெரியாது. லினக்ஸ் ஒன்றே என்றாலும், கீழே தண்டவாளம் வேறு. மூல உரை கையில் இருந்தால் மறுபடி கம்பைல் செய்யலாம், பெரும்பாலும் ஓடிவிடும். விற்பனையாளர் கொடுத்த, மூலம் இல்லாத மென்பொருள் என்றால் அவர் மெயின்பிரேம் பதிப்பு கொடுத்தால்தான் உண்டு. கன்டெய்னர் என்று மூட்டை கட்டிக் கொடுத்தாலும் இதே கதைதான். மூட்டைக்குள் இருப்பது இன்டெல் கட்டளைகள்.

மறுபடி கம்பைல் செய்த பிறகும் இரண்டு கண்ணிகள் காத்திருக்கும். முதலாவது, எண்ணை நினைவகத்தில் எழுதும் வரிசை. நாம் தேதியை 15-08-1947 என்று எழுதுகிறோம், சிலர் 1947-08-15 என்று எழுதுவார்கள். விஷயம் ஒன்று, வரிசை தலைகீழ். இன்டெல் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கும். மெயின்பிரேம் பெரிய பகுதியை முதலில் வைக்கும். ஒன்று எழுதிய கோப்பை மற்றது யோசிக்காமல் படித்தால் 1 என்பது 1 கோடியே 67 லட்சம் ஆகிவிடக்கூடும்.

இரண்டாவது கண்ணி, இசட்/ஓஎஸ்ஸின் எழுத்துக் குறியீடு. எப்சிடிக் என்று பெயர். மற்ற உலகம் பயன்படுத்தும் ஆஸ்கியில் இலக்கங்கள் ஆங்கில எழுத்துகளுக்கு முன்னால் வரும். எப்சிடிக்கில் எழுத்துகள் முதலில், இலக்கங்கள் பின்னால். ஒரு பட்டியலை இங்கே அகர வரிசைப்படுத்தி அங்கே அனுப்பினால், "இது வரிசையிலேயே இல்லையே" என்று அங்கிருக்கும் புரோகிராம் சண்டைக்கு வரும். மெயின்பிரேமை விட்டு வெளியேறும் திட்டங்களில் பெரிய பெரிய வரைபடங்களை எல்லாம் தாண்டிவிட்டு, இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வார்கள்.

ஆக, ஒத்துப்போவதில் மூன்று படிகள் இருக்கின்றன: அப்படியே ஓடுவது, மறுபடி கம்பைல் செய்தால் ஓடுவது, ஓடினாலும் தரவைத் தப்பாகப் படிப்பது. "கம்பாட்டிபிள்" என்று யாராவது சொன்னால் எந்தப் படி என்று கேட்கலாம்.

## பல்லக்கைக் கீழே வைக்காமல் தோள் மாற்றுவது

இனி நம்பகம். மெயின்பிரேமின் பாகங்களும் பழுதாகும். சில்லும் கம்பியும் மின்சாரமும்தானே. வித்தியாசம் பழுதான பின் நடப்பதில் இருக்கிறது.

கோயில் புறப்பாட்டில் சுவாமியைத் தூக்கி வரும் ஸ்ரீபாதம் தாங்கிகளைக் கவனித்திருப்பீர்கள். தூக்குபவர்கள் போக, சும்மா கூடவே நடந்து வருபவர்கள் சிலர் உண்டு. தண்டைத் தாங்கும் ஒருவருக்குத் தோள் வலித்தால், நடந்து வருபவர் உள்ளே நுழைந்து தோள் கொடுப்பார். பல்லக்கு கீழே இறங்காது. பார்க்கும் கூட்டத்துக்குத் தெரியவும் தெரியாது.

பெரிய மெயின்பிரேம் மாடல்களில் இரண்டு கோர்கள் இப்படிச் சும்மா நடந்து வருகின்றன. வேலை செய்யும் கோர் கெட்டால் உள்ளே நுழைய.

கெட்டது எப்படித் தெரியும்? இதுதான் முக்கியம். சாதாரணக் கணினியில் சில்லுக்குள் இருக்கும் ஒரு மின்சுற்று தப்பாகக் கூட்டினால், தப்பான விடை அப்படியே போய்ச் சேரலாம். பழைய வாத்தியார்கள் பெருக்கலைச் சரிபார்க்க ஒரு வழி சொல்லித் தருவார்கள். 23-ஐ 14-ஆல் பெருக்கினால் 322. 23-ன் இலக்கங்களைக் கூட்டினால் 5. 14-க்கும் 5. ஐந்தைந்து 25, அதைக் கூட்டினால் 7. 322-ஐக் கூட்டினாலும் 7. சரி. பெரிய கணக்கைத் திரும்பப் போடாமலே, இப்படி ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியை வைத்து ஒரு சின்னக் கணக்கில் தவறைப் பிடிக்கலாம். மெயின்பிரேமின் சில கணக்குச் சுற்றுகளில் இதே தத்துவம் வன்பொருளாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. 1990-களின் பிற்பகுதி மாடல்களில் இன்னும் கனமாக, ஒவ்வொரு வேலையையும் இரண்டு சுற்றுகள் அருகருகே செய்து விடையை ஒப்பிட்டுப் பார்த்தன.

விடை ஒத்துவரவில்லை என்றால் அந்த விடை வெளியே போகாது. கடைசியாகச் சரியென்று உறுதியான நிலைக்குத் திரும்பிப் போய், அதே கட்டளையை மறுபடி செய்து பார்க்கும். ஏதோ கணநேரச் சலனம் என்றால் இரண்டாவது முறை சரியாகிவிடும். மறுபடியும் தப்பினால், அந்தக் கோரின் அப்போதைய நிலை முழுவதையும் எடுத்து, சும்மா நடந்து வந்த கோரிடம் கொடுத்துவிடும். புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் இயந்திரம் தானாகவே தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குத் தகவல் அனுப்பும். நம் ஊழியருக்குப் பிரச்சினையே தெரியாத நிலையில், மாற்றுப் பாகத்தோடு பொறியாளர் வாசலில் வந்து நிற்பது இந்தத் தொழிலில் வழக்கமான நகைச்சுவை, ஆனால் நடப்பதுதான்.

நினைவகத்துக்கும் இதே ஏற்பாடு. 2010-ல் வந்த இசட்196-லிருந்து, ஒரு நினைவக அட்டை முழுவதுமாகச் செத்தாலும் மற்ற அட்டைகளில் இருப்பதை வைத்துத் தரவைத் திரும்பக் கட்டியெழுப்பும் முறை இருக்கிறது.

ஒரு கேள்வி மிச்சம். ஓடிக்கொண்டிருக்கும் கோரின் "நிலை முழுவதையும்" எடுத்துக் கொடுக்க முடிகிறதே, எப்படி? அந்தக் கணத்தில் எது நிலை, எது நிலையில்லை என்று தெள்ளத்தெளிவாக வரையறுத்தால்தான் முடியும். அந்த வரையறை ஏற்கெனவே இருக்கிறது, அந்தக் கையேட்டில். எல்லா மாடல்களிலும் ஒரே புரோகிராம் ஓட வேண்டும் என்பதற்காக 1964-ல் தொடங்கிய பழக்கம் அது. ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு வேலையை மாற்றுவது, அதே பழக்கத்தை ஒரே பெட்டிக்குள் செய்வதுதான். ஒத்துப்போவதும் நம்பகமும் தனித்தனிச் சிறப்புகள் என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவையாகத்தான் தெரிகின்றன.

## அதிகாலை 3.40, சாக் 7

வன்பொருள் சரி, மென்பொருள் தவறினால்?

எங்கள் குழுவில் முறை வைத்து இரவுக் காவல் உண்டு. ஓர் அதிகாலை 3.40-க்குப் போன் வந்தது. "ஜாப் விழுந்துவிட்டது, சாக் 7." (ஜாப் என்றால் மெயின்பிரேமிடம் ஓடக் கொடுக்கும் ஒரு வேலை; விழுந்தது என்றால் பாதியில் நின்றுவிட்டது.) எழுத்துப்படி எஸ் 0 சி 7. மெயின்பிரேமில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் இந்தக் குறியைத் தூக்கத்தில் சொல்வார்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை என்று அர்த்தம்.

மெயின்பிரேம் பணத்தொகையை நாம் எழுதுவது போலவே பத்தின் அடிப்படையில் வைக்கும். 12345 என்பது நினைவகத்தில் 12 34 5சி என்று இருக்கும். கடைசி சி என்பது கூட்டல் குறி. அன்று வந்த கோப்பில், கூடுதல் பிரீமியம் இல்லாத ஒரு பாலிசிக்கு, பூஜ்யம் போடுவதற்குப் பதிலாக யாரோ வெற்றிடம் விட்டிருந்தார்கள். எப்சிடிக்கில் வெற்றிடத்தின் குறி 40. ஆக எங்கள் தொகைப் பெட்டியில் 40 40 40. கடைசியில் குறி இருக்க வேண்டிய இடத்தில் 0. இயந்திரம் கூட்ட மறுத்து நின்றுவிட்டது.

அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால், அது செய்தது எவ்வளவு சரி. வெற்றிடத்தை ஏதோ ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டு கணக்கை முடித்திருந்தால், யாருக்கோ தப்பான தொகையில் கடிதம் போயிருக்கும். இரண்டாவதாக, விழுந்தது எங்கள் ஜாப் மட்டும். பக்கத்தில் ஓடிய நூற்றுக்கணக்கான ஜாப்களுக்கு எதுவும் ஆகவில்லை. நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் இங்கே ஒரு பூட்டு எண் உண்டு, புரோகிராமிடம் ஒரு சாவி எண். பொருந்தாவிட்டால் அந்த இடத்தில் எழுத முடியாது. இந்தப் பூட்டும் சிஸ்டம்/360 காலத்துச் சமாச்சாரம்.

## ஒன்பதுகளின் கணக்கு

"ஐந்து ஒன்பது" என்று விற்பனையாளர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆண்டில் 99.999 சதவீத நேரம் சேவை கிடைக்கும் என்று பொருள். நின்றுபோகும் நேரம் ஆண்டுக்கு 5 நிமிடம் சொச்சம். மூன்று ஒன்பது என்றால், அதாவது 99.9, கிட்டத்தட்ட 8 மணி 46 நிமிடம். ஒவ்வோர் ஒன்பதுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்.

இயந்திரம் கெடாவிட்டாலும் இயங்குதளத்தை உயர்த்தும்போது நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டுமே? இதற்கு இங்கே ஐபிஎல் (இனிஷியல் புரோகிராம் லோட்) என்று பெயர். கிரிக்கெட் ஐபிஎல்லுக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் மூத்தது. "ஞாயிற்றுக்கிழமை ஐபிஎல் இருக்கு, வீட்டுக்குப் போக முடியாது" என்று நான் சொன்னதை என் மைத்துனர் வெகுநாள் தப்பாகவே புரிந்துகொண்டிருந்தார்.

இதற்கான விடை 1994-ல் வந்த பேரலல் சிஸ்பிளெக்ஸ். 32 இசட்/ஓஎஸ் அமைப்புகள் வரை ஒரே தரவைப் பகிர்ந்துகொண்டு ஒரே குடும்பமாக வேலை செய்யும். ஒன்றை நிறுத்தி உயர்த்தும்போது அதன் வேலையை மற்றவை வாங்கிக்கொள்ளும். பிறகு அடுத்தது. அப்படியானால் சில நாட்களுக்குப் புதிய பதிப்பும் பழைய பதிப்பும் ஒரே தரவை ஒன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும் அல்லவா? அவை ஒத்துப்போக வேண்டும். அதற்காகவே, புதிய பதிப்பைக் கொண்டுவருவதற்கு முன் பழைய பதிப்புக்குச் சில திருத்தங்களைப் போட்டு, வரப்போகிறவரை அறிமுகப்படுத்தி வைப்பார்கள்.

அந்த ஒன்பதுகள் இந்த அளவு அடுக்கடுக்கான ஏற்பாட்டுக்கு உரியவை. ஒற்றைப் பெட்டி வாங்கி மூலையில் வைத்தவருக்கு அதே எண்ணிக்கை கிடைக்காது. இதற்கெல்லாம் ஆகும் செலவையும் மறைக்கக்கூடாது. ஒரு மணி நேரம் நின்றால் தலை போகாத சேவைக்கு மெயின்பிரேம் வாங்குவது என் பார்வையில் வீண்.

## 2012 ஜூன், பிரிட்டன்

இப்போது முதல் பத்தியில் வந்த இரண்டாமவரிடம் திரும்பலாம். மெயின்பிரேம் இவ்வளவு கெட்டி என்றால், வங்கி எப்படிப் படுக்கிறது?

2012 ஜூன் 17 அன்று பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமத்தில், இரவு நேரத் தொகுப்பு வேலைகளை நடத்தும் மென்பொருளை உயர்த்தினார்கள். தொகுப்பு வேலை என்றால், பகலில் சேர்ந்த பரிமாற்றங்களை எல்லாம் இரவில் வரிசையாக ஓடவிட்டுக் கணக்குகளில் ஏற்றுவது. இந்த ஜாப் முடிந்தால் அந்த ஜாப், அது முடிந்தால் இன்னொன்று என்று நீளும் அந்த வரிசையை நினைவில் வைத்திருப்பதுதான் அந்த மென்பொருளின் வேலை. உயர்த்திய பின் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. சரி, பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். திரும்பினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கவில்லை.

ஆர்பிஎஸ், நாட்வெஸ்ட், அல்ஸ்டர் பேங்க் என்று 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலரால் தங்கள் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்றே பார்க்க முடியவில்லை. சீராகச் சில வாரங்கள் பிடித்தன. 2014 நவம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 5 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன.

விசாரணையில் சொல்லப்பட்ட காரணத்தில் எந்தச் சில்லும் எரியவில்லை, எந்த நினைவக அட்டையும் சாகவில்லை. உயர்த்திய பதிப்பும், அதற்கு முந்தைய பதிப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.